கூர்ப்பும் குசினித் திரையும்

என் மருமகனும் நானும் ஏறத்தாழ இரண்டு வருடம் வாதாடினோம். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் நேருக்கு நேர் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அப்படி வந்த மருமகனின் முன்னால் மாமி போய் நிற்பதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதுமில்லை. இப்போது கல்முனைப் பக்கம் பல வீடுகளில் அது போய்விட்டது. மாமியும் மருமகனும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள். என் உம்மா தன் மருமகனோடு, அதாவது என் மனிதரோடு, கடைசிவரை கதைக்கவில்லை. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பாடசாலையில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மருமகன் மௌலவி. அரபுக் கல்லூரியில் படிப்பிக்கிறார், சில வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கமும் செய்வார். கலியாணம் முடித்த முதல் கிழமையே மகளிடம் சொல்லி அனுப்பினார்.

"மார்க்கத்துல இப்படி ஒண்டுமே இல்ல. மாமியும் உம்மா மாதிரித்தான். திரைக்குப் பின்னால நிக்கத் தேவயில்லண்டு சொல்லு."

"மார்க்கத்துல இல்லாட்டி என்ன, ஊருல இரிக்கி எண்டு சொல்லு" என்றேன் நான்.

ஆதாரம் கேட்கிறவர் மௌலவி. ஆதாரமில்லாத பழக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விஞ்ஞான ரீச்சர். எனக்கே சில நேரம் சிரிப்பு வரும், ஆனால் திரையை மட்டும் கழற்றவில்லை. அவர் முன் மண்டபத்தில் இருந்து சாப்பிடுவார். நான் குசினியில், அடுப்படி வாசல் திரைக்குப் பின்னால் நிற்பேன். அவர் சொல்வது எனக்கு அரைகுறையாகக் கேட்கும், நான் சொல்வது அவருக்குக் கேட்காது. மகள்தான் நடுவில் போய்வருவாள்.

என் மனிதர் மவுத்தான பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒரு வகுப்பு. வீட்டு வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில். அதில் சனிக்கிழமைகளில் உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுப்பேன். அந்த வகுப்பு இல்லாவிட்டால் நான் காலையில் எழும்பி எதற்காக ஒரு நல்ல சீலையை எடுத்து உடுப்பது? வகுப்புத்தான் என்னை நடமாட வைத்தது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். பிந்தி வந்தால் ஏசுவேன், வராமல் விட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்புவேன்.

வாதம் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. மருமகன் அடுத்த நாள் குத்பாவை மண்டபத்தில் இருந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பற்றிய குத்பா. இவ்வளவு நுட்பமான ஒன்று தானாக வந்திருக்குமா, ஒரு குறையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். நான் குசினியில் கறிக்குக் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் படம் கீறின கை சும்மா இருக்குமா?

"புள்ள, இஞ்ச வா. அவருக்கிட்டச் சொல்லு. மனிசன்ட கண்ணுல நரம்பெல்லாம் விழித்திரைக்கு முன்னால ஓடுது. அது வெளிய போற இடத்துல ஒரு குருட்டுப் புள்ளி. இந்தா கிடக்கே கணவாய், இதுக்கு நரம்பு பின்பக்கம். குருட்டுப் புள்ளியே இல்ல. கணவாய்க்கு ஒழுங்காச் செஞ்சத்த மனிசனுக்கு ஏன் மாத்திச் செஞ்சண்டு கேளு."

மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். எனக்கு அது போதவில்லை.

"மறுகா இதையும் சொல்லு. கண்ணைப் பத்திக் கதைக்க முதல் ஒரு கண் டொக்டரிட்டக் கேட்டுப் பாக்கச் சொல்லு."

போனவள் கொஞ்ச நேரம் நின்று கதைத்துவிட்டு வந்தாள். "உம்மா சொல்றது யோசிக்க வேண்டிய விசயம்தானாம்" என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு மௌலவியை ஒரு கணவாயால் மடக்கிவிட்டேன்!

அடுத்த நாள் பின்னேரம் மருமகன் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். மகள் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். கண் டொக்டரைக் காட்ட எனக்கு நம்பர் எடுத்திருக்கிறாராம். திங்கட்கிழமை காலைக்கு ஓட்டோவும் சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. என் கேள்விக்கு இதுவா பதில்? கண் பிழை எனக்குத்தான் என்று குத்திக் காட்டுகிறாரா? நான் டொக்டரிடம் போகவில்லை. இரண்டு நாள் வேண்டுமென்றே கத்தரிக்காய் சமைத்தேன். கத்தரிக்காய் அவருக்கு ஆகாது.

இப்படியே போனது. சொறிக்கல்முனைப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது. அங்கே களை பிடுங்குகிற காலத்தில் இன்னொரு கேள்வியை அனுப்பினேன். நெல்லுக்குள்ளேயே ஒரு புல் முளைக்கும், பார்த்தால் நெல்லு மாதிரியே இருக்கும், பிடுங்குகிறவர்கள் தடுமாறிப் போவார்கள். அது ஏன் நெல்லின் சாயலில் இருக்கிறது? வேறு மாதிரித் தெரிந்ததையெல்லாம் மனிதர்கள் பிடுங்கி எறிந்தார்கள். நெல்லு மாதிரித் தெரிந்தது தப்பிப் பிழைத்து விதை போட்டது. எத்தனையோ தலைமுறை இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி, புல் நெல்லின் உருவத்துக்கு வந்துவிட்டது. இதுதான் கூர்ப்பு. உயிர்கள் காலத்தோடு மாறி வந்தன என்று சொல்கிற பாடத்துக்கு எங்கள் புத்தகங்களில் அதுதான் பெயர். மகள் போய்ச் சொன்னாள். "சுபஹானல்லாஹ் எண்டாரு" என்று வந்து சொன்னாள். வியந்து இறைவனைப் புகழ்கிற சொல் அது.

நான் ஒன்று அனுப்புவேன், அவர் ஒன்று அனுப்புவார். அவருடைய பதில்கள் எப்போதும் மெதுவாகவே வந்தன. யோசிக்கிறாராம், நல்ல கேள்வியாம், பிறகு பார்க்கலாமாம். மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்குச் சந்தோசமான நாட்கள்.

பிறகு மகள் பிள்ளைத்தாய்ச்சியானாள். அவளுக்கு மாதம் நெருங்கிய நேரத்தில் நான் வகுப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய் வழியாக வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்க மாட்டார்கள், மேலே எங்கோ எல்லாருக்கும் ஒரே தாய் என்பதால். குரங்கிலிருந்தா மனிதன் வந்தான் என்று பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டபோது, இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. முன் வாங்கில் இருந்தவளிடம் என்ன குடி என்று கேட்டேன். சொன்னாள்.

"இந்தப் புள்ளட குடியில மேல மேல போனா ஒரு மூத்தம்மா இருப்பா. இன்னும் மேல, மனிசனுக்கு முன்னால போனா, குரங்குக்கும் நமக்கும் பொதுவா ஒரு மூத்தம்மா. குரங்கு நமக்கு வாப்பா இல்ல. தூரத்துக் குடிக்காரர்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அதே சிரிப்போடு வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வாப்பா யார்? அந்தக் குடியின் மரைக்கார். அதாவது குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர். ரீச்சர் எங்கள் குடியைக் குரங்குக் குடி என்று சொல்லிவிட்டா என்று அவர் வீட்டுக்குள் குதித்தாராம். பள்ளிக்குப் போனபோது அதே கோபம் மார்க்கத்துக்கு வந்த கோபமாக மாறியிருந்தது. பிள்ளைகளின் ஈமானை, மார்க்க நம்பிக்கையையே, கெடுக்கிற பாடம் அந்த வளவில் நடக்கிறது, நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பள்ளி சொன்னால் ஒரு வீட்டிலிருந்தும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். பரீட்சையோ கிட்ட வந்துவிட்டது. எனக்கு இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

மருமகனுக்கு மகளிடம் ஒரு சொல் சொல்லியனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, என்ன ஆனது என்று அவளிடம் கேட்டேன். "ஒண்டுமில்ல உம்மா. அவரு பள்ளியில கதைச்சிட்டாராம். எல்லாம் சரியாம்" என்றாள். என்ன கதைத்தார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. வகுப்பு நடந்தது.

மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துதான் பிள்ளை எடுக்க வேண்டும் என்றார்கள். அன்று காலை கல்முனை ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீள வாங்கு. அந்தத் தொங்கலில் மருமகன், இந்தத் தொங்கலில் நான். நடுவில் பிள்ளையின் உடுப்புப் பை.

"மாமி, தேத்தண்ணி எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல மகளைத் தேடினேன். சத்தியமாக, தலையைத் திருப்பித் தேடினேன். பிறகுதான் அவள் உள்ளே இருக்கிறாள் என்று உறைத்தது. "வேணாம்" என்றேன். என் வாயிலிருந்து அவருக்குப் போன முதல் சொல் அதுதான். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டேன்.

நேரம் போகவில்லை. பயத்தில் நான் பையிலிருந்த உடுப்பை எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். அவர்தான் மறுபடி தொடங்கினார்.

"மாமிக்கு இப்ப கண் நோவு எப்படி? அண்டைக்கு டொக்டரக் காட்டப் போகவுமில்ல."

"எனக்கு எங்க கண் நோவு?"

"நீங்கதானே, தெரிஞ்ச கண் டொக்டர் ஆரும் இரிக்காங்களா எண்டு கேட்டு விட்ட?"

என் மகள் கள்ளி! நான் சொன்ன குத்தலை வழியிலேயே கழுவித் துடைத்து ஒரு நோயாக மாற்றி அவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் பாவம், நம்பர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அந்த மனிதருக்குக் கத்தரிக்காய் சமைத்திருக்கிறேன்.

"கணவாயக் கேட்டது?"

"அத்தச் சொன்னா. ஒரு வீட்டக் கட்டினவன் ஏன் அந்த இடத்துல வாசல வெச்சாண்டு தெரியாம வாசல் பிழை எண்டு சொல்லலாமா எண்டு கேக்கச் சொன்னன்."

"எனக்கு வரல்ல. யோசிக்க வேண்டிய விசயம் எண்டுதான் வந்த."

அவர் தாடியைத் தடவினார். "அப்ப அந்தப் புல்லு? நான் ஒரு கேள்வி கேட்டனே."

"சுபஹானல்லாஹ் எண்டு வந்த."

"சொன்னன்தான். அதுக்குப் பிறகும் சொன்னன். அந்தப் புல்ல நெல்லு மாதிரி ஆக்கினது புடுங்குற கைதானே. அப்ப கை ஒண்டு வேணுமே. அந்தக் கைக்கு அறிவும் இரிக்கே. அறிவில்லாம ஆன ஒண்டுக்கு அறிவுள்ள கையக் காட்டுறீங்களே எண்டு கேட்டன்."

யா அல்லாஹ், என்ன அருமையான கேள்வி! முப்பது வருடத்தில் ஒரு பிள்ளை இதை என்னிடம் கேட்கவில்லை. இப்படி ஒரு கேள்வி என் வீட்டு மண்டபத்தில் பிறந்து, குசினித் திரைவரை வந்து, வாசலிலேயே செத்துப் போயிருக்கிறது. எனக்கு மகள் மேல் வந்த கோபத்தில், அவள் உள்ளே கிடக்கிறாள் என்பதுகூட ஒரு நிமிசம் மறந்துவிட்டது.

"மருமகன், அந்தக் கை புல்ல நெல்லாக்க நினைக்கல்ல. ஒழிக்கத்தான் நினைச்ச. கைக்கு அறிவு இரிந்த, ஆனா நடந்தது கை நினைக்காத ஒண்டு."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். "இதுக்கு எனக்கு ரெண்டு நாள் வேணும் மாமி" என்றார்.

அந்தச் சிரிப்போடுதான், என்னைத் தேற்றுவதாக நினைத்து, அடுத்ததையும் சொன்னார்.

"வகுப்பப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. நான் பள்ளியில வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணிட்டன். மாமி அந்தப் பாடத்தப் பரீட்சைக்காக மட்டும்தான் படிப்பிக்கிறா, மனசுல அவ அத்த ஏத்துக்கல்ல எண்டு. நீங்க சொல்லி விட்டத்த அப்படியே சொன்னன். மரைக்காரும் வாய மூடிட்டாரு."

நான் அப்படி ஒரு சொல் சொல்லியனுப்பவில்லை. நான் சொல்லியனுப்பியது, என்னை விரட்டினாலும் உள்ளதைத்தான் படிப்பிப்பேன் என்று. மகள் அதை எப்படிப் புரட்டியிருக்கிறாள் பாருங்கள். அவள் புரட்டியதால்தான் வகுப்பு இருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் இனியும் இருக்கும். சனிக்கிழமை பிள்ளைகள் வருவார்கள், நான் நல்ல சீலை உடுப்பேன், யாருக்கும் ஒரு நட்டமுமில்லை. ஆனால் இந்த மனிதர் அல்லாஹ்வின் பேரைச் சொல்லி ஒரு பொய்க்குச் சாட்சி நின்றிருக்கிறார், தெரியாமலே. எனக்குப் பக்கத்தில், என் பேரப்பிள்ளையின் உடுப்புப் பைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

"மருமகன், நான் அப்படிச் சொல்லல்ல" என்றேன். "நான் நம்பித்தான் படிப்பிக்கிறன். அஞ்சு நேரமும் நம்பித்தான் தொழுறன். ரெண்டும் எனக்குள்ள சண்டை புடிச்சதில்ல. ஆராச்சும் என்னை நிப்பாட்டி வெச்சிக் கேக்கக்குள்ளதான் சண்டை."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "நான் போய்த் திருப்பிச் சொன்னா வகுப்ப நிப்பாட்டிருவாங்க மாமி. என்ன செய்ற?"

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி என்ட சத்தியம் பொய்."

"அப்ப போய்ச் சொல்லுங்க" என்றேன். வீராப்பில் சொல்லவில்லை. சொல்லும்போதே அழுகை வந்தது.

அந்த நேரத்தில்தான் தாதி வந்து பெயரைக் கூப்பிட்டாள். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். மருமகன் பிள்ளையைக் கையில் வாங்கி வலது காதில் பாங்கு சொன்னார். வகுப்பாவது மண்ணாவது என்று அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இருந்தது.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனவர் எல்லார் முன்னாலும் எழும்பி, நான் அன்று சொன்னது என் மாமி சொன்னதல்ல, எனக்குப் பிழையாக வந்து சேர்ந்த சேதி என்று சொல்லிவிட்டு வந்தார். மாமி சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அவ சொல்லாததை அவ பேரில் சொல்ல ஏலாது என்றும் சொன்னாராம். மகளும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், பகலில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இருக்கிறார். நோன்பு. தெரியாமல் செய்த சத்தியத்துக்கு மார்க்கத்தில் பரிகாரம் தேவையில்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் பிடித்தார். நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சி, முதல் முறையாக என் கையாலேயே கொண்டுபோய் வைத்தேன்.

நடந்ததெல்லாம் மகளுக்குத் தெரிந்தது. கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் சொன்னத்த நான் அப்படியே சொல்லியிருந்தா, இந்த வீட்டுல ஒரு கிழமை ஒண்டா இரிந்திருக்க மாட்டீங்க."

நான் ஏச வாயெடுத்தேன். மருமகன் மண்டபத்திலிருந்து, "ரெண்டு பேரச் சேத்து வெக்கச் சொன்ன பொய்யில குத்தமில்ல மாமி, விடுங்க" என்றார்.

பிள்ளை பார்க்க ஊரே வந்தது. ஒரு நாள் காலை மரைக்காரும் வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மண்டபத்துக் கதிரையில் இருந்தார். பிள்ளைக்காகக் கையேந்தி துஆச் செய்தார். பிளேன்ரீக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மருமகனிடம் சொன்னார்.

"நான் சண்டைக்கு வரல்ல மௌலவி. பள்ளியில பேசின முடிவச் சொல்ல வந்தன். இனி இந்த வளவுல அந்த வகுப்பு வேணாம். மாமிக்கு நீங்களே சொல்லிருங்க."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். என்ன சொல்ல? இந்த வீடு என்னுடையதல்ல. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு வளவை அவள் பேரில்தான் எழுதுவோம். நான் பின்னறையில் இருக்கிறவள், அவர் வந்து குடியிருக்கிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் வாயில்லை. என் வகுப்பு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. எழும்பி இருந்திருக்கிறாள், தையல் நோவோடு.

"மரைக்கார் மாமா, இந்த வளவு உம்மாட இல்ல, இவருடயும் இல்ல. எனக்கு எழுதின. உம்மா உங்கட குடிப் பேரக் குரங்கோட சேத்துக் கதைச்சது பிழை. அவ சொல்ல மாட்டா, நான் சொல்றன், மாப்புக் கேக்கன். ஆனா வகுப்பு நடக்கும். அந்தப் பாடமும் நடக்கும். உங்கட மகள அனுப்புறதும் அனுப்பாததும் உங்கட விருப்பம்."

மரைக்கார் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் குடித்து முடித்து, பிள்ளைக்கு இன்னொரு முறை துஆச் செய்து, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டேன், மருமகன் நிற்கிறார் என்ற நினைவுகூட இல்லாமல். இரண்டு பேரும் அறை வாசலில் போய் நின்றோம். மகள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எனக்கு ஏலா. இனி ஆருட கதையையும் ஆருக்கும் நான் காவிட்டுப் போக மாட்டன்" என்றாள். "நேர கதைங்க. சண்டை புடிக்கிறண்டாலும் நேர புடிங்க. புள்ள தூங்கக்குள்ள மட்டும் மெதுவாப் புடிங்க."